மாதக் கடைசியில் இறங்கும் சர்க்கரை

சர்க்கரை நோய் என்றதும் எல்லோர் மனதிலும் ஓடுவது ஏறிப்போன சர்க்கரைதான். நான் பாஸ்டன் பக்கத்தில், நோய்க்கேற்ற சாப்பாட்டைச் சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அமைப்பில் டயட்டீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் வருகிற பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது, வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடும் இருக்கிறது. இவர்கள் அதிகம் பயப்படுவது இறங்கிப்போகும் சர்க்கரைக்குத்தான். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போனால், அங்கே வாயில் போட ஒன்றும் இருக்காது. இதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் ஸ்நாப் உதவி, அதாவது பழைய ஃபுட் ஸ்டாம்ப், மாதம் ஒருமுறைதான் கார்டில் ஏறும். மூன்றாவது வாரத்திலேயே பலருக்கு அது தீர்ந்துவிடும். கடைசி வாரம் காப்பி, ரொட்டி, யாராவது கொடுத்தது என்று ஓடும். ஆனால் இன்சுலின் ஊசியின் அளவு மாறாது. கிளிபிசைடு, கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது அவற்றின் வேலை. தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மருந்து முழு அளவு, சாப்பாடு அரை வயிறு என்றால் சர்க்கரை விழத்தான் செய்யும்.

ஹிலரி செலிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியா மருத்துவமனைகளின் 2000 முதல் 2008 வரையிலான பதிவுகளை எடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வருமானம் குறைந்தவர்களிடையே, சர்க்கரை இறங்கிப்போய் மருத்துவமனையில் சேர்வது, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வருமானம் அதிகம் உள்ளவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. அதே நோய்தான், அதே மருந்துகள்தான். அவர்களுடைய அலமாரி மட்டும் மாதக் கடைசியில் காலியாவதில்லை.

என் வேலையில் நான் மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான். இப்படிப்பட்ட ஒருவருக்கு உதவப் போகிறீர்கள் என்றால், சராசரியைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி பரிசோதனை ஒரு சராசரி. கார்டில் பணம் ஏறிய வாரம் வயிறார, சில நேரம் வயிற்றுக்கு மிஞ்சியும் சாப்பிட்டு 280க்கு ஏறியதும், மூன்று வாரம் கழித்து 52க்கு விழுந்ததும் அதற்குள் கலந்து காணாமல் போய்விடும். டாக்டர் காகிதத்தைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்பார். அல்லது எண் கூடுதலாக இருக்கிறதென்று மருந்தைக் கூட்டுவார். கூட்டிய மருந்து அடுத்த மாதக் கடைசியில் ஆளைக் கீழே தள்ளும்.

இதை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்குத்தான் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் நீண்ட கணக்கெடுப்பிலிருந்து பிரித்தெடுத்து 2010இல் சோதித்துப் பார்த்த கேள்விகள் இவை. கடந்த 12 மாதங்களில், மறுபடி பணம் வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டது உண்டா? வாங்கிய சாப்பாடு போதாமல், மேலும் வாங்கப் பணமும் இல்லாமல் இருந்தது உண்டா? இரண்டுக்கும் ‘அடிக்கடி’, ‘எப்போதாவது’, ‘இல்லவே இல்லை’ என்று மூன்று பதில்கள். இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ‘எப்போதாவது’ என்று வந்தாலே தட்டுப்பாடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நடு பதில் மிக முக்கியம். ‘சாப்பாட்டுக்குக் கஷ்டமா?’ என்று நேராகக் கேட்டால் மானம் உள்ள எந்த மனிதரும் இல்லை என்றுதான் சொல்வார்.

நம் ஊரைச் சேர்ந்த அம்மா ஒருவர் வந்தார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிடுகிறேன். வெகுகாலமாக இங்கேயே இருப்பவர், இப்போது முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். அடிக்கடி மயக்கம் வருகிறது என்று கிளினிக்கில் எழுதி அனுப்பியிருந்தார்கள். “சாப்பாட்டுக்கு எப்படிம்மா, சிரமம் எதுவும் இருக்கா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. ஒருத்தி சாப்பாடு, எவ்வளவு ஆயிடப் போகுது?”

பேச்சை மாற்றி வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, அந்த இரண்டாவது கேள்வியை அப்படியே தமிழில் கேட்டேன். மூன்று பதில்களையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எப்பவாவதுன்னு போட்டுக்கோம்மா” என்றார்.

“எப்போ அந்த மாதிரி ஆகும்?”

“கார்டுல பணம் ஏறுறதுக்கு முந்தின வாரம். ஆனா ஒண்ணு சொல்றேன், மாத்திரைய ஒரு நாள்கூட நான் விட்டதில்ல. காலையில எழுந்ததும் காப்பியோட போட்டுடுவேன்.”

அது கிளைமிபிரைடு. காலையில் காப்பியோடு அந்த மாத்திரை, மதியம் வரை வேறொன்றும் இல்லை. பதினொரு மணிக்கு மயக்கம். டாக்டர் சொன்னதை ஒரு நாளும் தவறாமல் செய்ததால்தான் அவருக்கு அது வந்துகொண்டிருந்தது. ‘சொன்னபடி கேட்பதில்லை’ என்று நோயாளிகளைக் குறை சொல்லும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாவின் நினைவு வரும்.

அவரிடமிருந்து தெரிந்துகொண்ட இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஸ்நாப் பணம் ஏறுவதில்லை. அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து 1ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதிக்குள் ஏதோ ஒரு நாளில் ஏறும். 14ஆம் தேதி ஏறுகிறவருக்கு வறண்ட வாரம் காலண்டரின் கடைசி வாரம் கிடையாது, 7 முதல் 13 வரை. ஆகவே ‘கார்டில் என்றைக்குப் பணம் ஏறும்?’ என்பதை இப்போதெல்லாம் முதல் பேச்சிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறேன். அதற்கு முந்தைய வாரத்தில்தான் போன் செய்து விசாரிப்பேன். உடம்பில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார் போட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கிளினிக்கில் எடுக்கும் அறிக்கை வழக்கமாக 14 நாட்களுக்கானது. அந்த 14 நாட்களும் பணம் ஏறிய பிறகு வந்தவையாக இருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். 30 நாள் அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். முதியவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பொது அளவுகோல். வறண்ட வாரத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது ஒரு சதவீதத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். நோய்க்கேற்ற சாப்பாடு அனுப்பும் இந்த வேலை சர்க்கரை நோய்க்காகத் தொடங்கியது அல்ல. எய்ட்ஸ் வந்து, சமைக்கவும் எழுந்திருக்கவும் முடியாமல் மெலிந்துபோனவர்களுக்காகத் தொடங்கியது. 1985இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரூத் பிரிங்கர் என்ற பெண்மணி தொடங்கிய புராஜெக்ட் ஓப்பன் ஹேண்ட், அதே காலத்தில் நியூயார்க்கில் எழுந்த காட்ஸ் லவ் வீ டெலிவர், 1990இல் பாஸ்டனில் கம்யூனிட்டி சர்விங்ஸ் என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆரம்பித்த சமையலறைகள் இவை. எய்ட்ஸுக்கு நல்ல மருந்துகள் வந்த பிறகு, அதே சமையலறைகள் புற்றுநோய், சிறுநீரக நோய், இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சமைக்கத் தொடங்கின. முதியோருக்கு வீடு தேடி வரும் பொதுவான மதிய உணவிலிருந்து இது வேறுபடுகிறது. இதற்கு டாக்டரோ கிளினிக்கோ எழுதி அனுப்ப வேண்டும். டயட்டீஷியன் ஒருவர் நோயாளியோடு பேசி, மருந்துகளைப் பார்த்து, எந்த வகைப் பெட்டி போகவேண்டும் என்று முடிவு செய்வார். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, உறையவைத்த டப்பாக்களாகப் போகும். வாரத்துக்குப் பத்து வேளை என்பது பல திட்டங்களில் வழக்கம்.

‘சர்க்கரைக்காரருக்கு இனிப்பில்லாத சாப்பாடு, அவ்வளவுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு நோய் மட்டும் உள்ளவர் எங்களிடம் வருவது அபூர்வம். சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டிருக்கும். சர்க்கரைக்கு நல்லது என்று நாம் சொல்லும் பருப்பு, முழுதானியம், தக்காளி, கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியமோ பாஸ்பரஸோ இருக்கிறது. சிறுநீரகத்துக்கு ஆகுமென்று வெள்ளை ரொட்டியும் வெள்ளை அரிசியும் கொடுத்தால் சர்க்கரை ஏறுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குப் புரதம் கூட வேண்டும், டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருப்பவருக்கு அளவோடு வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரை ஒரு வாரம் நிறைய, மறு வாரம் இல்லை என்று இருக்கக்கூடாது. நீண்ட காலச் சர்க்கரையால் இரைப்பை மெதுவாக வேலை செய்கிறவருக்கு நார்ச்சத்தும் கொழுப்பும் குறைத்து, சிறு சிறு அளவாகக் கொடுக்க வேண்டும். ‘நார்ச்சத்து அதிகம் சாப்பிடுங்கள்’ என்ற பொது அறிவுரையைக் கேட்டு வாந்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பல் இல்லாதவருக்கு எல்லாம் மென்மையாக இருக்க வேண்டும். மளிகைப் பணம் மட்டும் கிடைத்தால் இதையெல்லாம் ஒரு மனிதர், அதுவும் உடம்பு முடியாதவர், தானே கணக்குப் போட்டுச் சமைப்பது மிகக் கடினம். அந்தக் கணக்கை இன்னொருவர் போட்டுக் கொடுப்பதுதான் இந்தச் சாப்பாட்டின் பெரிய பலன் என்று நினைக்கிறேன்.

இதனால் சர்க்கரை குறைகிறதா? உண்மையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரிய வாக்குறுதிகளோடு இதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சேத் பெர்க்கோவிட்ஸ் தலைமையில் மாசசூசெட்ஸில் நடந்து 2019இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஏ1சி 8க்கு மேல் இருந்த, வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடும் இருந்த 44 பேர் பங்கெடுத்தார்கள். 12 வாரம் வாரத்துக்குப் பத்து வேளைச் சாப்பாடு, 12 வாரம் வழக்கமான நிலை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சாப்பாட்டின் தரத்தை 100க்கு அளக்கும் மதிப்பெண், சாப்பாடு வந்த காலத்தில் 71.3, வராத காலத்தில் 39.9. சர்க்கரை இறங்கியதாகச் சொன்னவர்கள் 64 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகக் குறைந்தார்கள். ஏ1சியில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2023 கடைசியில் ஜோசஃப் டாயில் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆய்வு, சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாக, குடும்பம் முழுவதற்கும் வாரத்துக்குப் பத்து வேளை சமைத்துக்கொள்ளும் அளவு ஆரோக்கியமான மளிகையும் உணவு ஆலோசனையும் கொடுத்த திட்டத்தைப் பற்றியது. அதில் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஏ1சி 1.5 புள்ளி குறைந்தது. இல்லாதவர்களுக்கும் 1.3 குறைந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த எண்களைக் காட்டி ‘பயனில்லை, நிறுத்திவிடலாம்’ என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் 21 வேளை இருக்கிறது, பத்து வேளைதான் நாங்கள் கொடுக்கிறோம். அதோடு, மேலே சொன்னபடி ஏ1சி ஒரு சராசரி. இறங்கிய சர்க்கரை இறங்காமல் நின்றால் சராசரி சற்று ஏறக்கூடச் செய்யும். ஆனால் அந்த மனிதர் ராத்திரி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளவில்லை. 64 சதவீதம் 47 ஆனது என்ற எண்ணில்தான் எனக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. ஏ1சியைக் குறைக்க மருந்து இருக்கிறது. தட்டு காலியாக இருக்கும் வீட்டில் அந்த மருந்தைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ளச் சாப்பாடு வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் கவனிக்க வேண்டியவை பற்றி, நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது சில உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால், சாப்பாடு வரத் தொடங்கும் தேதியைக் கிளினிக்குக்குத் தெரிவியுங்கள். இது மருந்து மாற்றியதற்குச் சமம். இதுவரை வேளைக்குத் தொண்ணூறு, நூறு கிராம் மாவுச்சத்து சாப்பிட்டு அதற்கேற்ப இன்சுலின் போட்டவருக்குத் திடீரென்று 45 கிராம் உள்ள டப்பா வருகிறது. பழைய அளவு ஊசியைப் போட்டால் முதல் வாரத்திலேயே சர்க்கரை விழும். நல்ல சாப்பாடு சாப்பிட்டு மயக்கம் வந்தால் ‘இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பெட்டியையே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிடும் முன் போடும் இன்சுலினையும் கணையத்தைத் தட்டும் மாத்திரைகளையும் எவ்வளவு மாற்றுவது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும், ஆனால் கேட்கவேண்டியது நாம். அப்போதே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக்கூடாது? இதை ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினைத் தாமாகவே முழுதும் நிறுத்துவது ஆபத்து. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைப் பட்டினியோடு தொடர்வதும் ஆபத்து, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை விழுவது அரிது, வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும்.

சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஏதாவது தனியாக எடுத்துவைத்திருக்க வேண்டும். வீட்டில் வேறொன்றும் இல்லாவிட்டாலும் அது இருக்கவேண்டும், குழந்தைகள் எடுக்காத இடத்தில். 70க்குக் கீழே போனால் உடனே கரையும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது என்பது வழக்கமான முறை. அரைக் கப் பழச்சாறு போதும். ஸ்நாப் கார்டிலேயே அதை வாங்கலாம். சிறுநீரகம் கெட்டவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் பொட்டாசியம் அதிகம் என்பதால் ஆப்பிள் சாறு வைத்துக்கொள்ளட்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாலும் வேலை செய்யும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கிவிடும். சாறு குடித்துத் தெளிந்த பிறகு ஏதாவது உணவும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். வறண்ட வாரத்துக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் வேர்க்கடலை வெண்ணெயையும் ஒதுக்கிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெட்டியை வைக்க இடமிருக்கிறதா என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். உறைந்த டப்பாக்கள் பத்து, ஃப்ரீசரோ ஒரு ஐஸ் தட்டு மட்டும் கொள்ளும் அளவு. அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கு மைக்ரோவேவும் இருக்காது, இருந்தால் பொதுச் சமையலறையில் இருக்கும், பெட்டி காணாமல் போகும். வாரம் இரண்டு முறையாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று அமைப்பிடம் கேளுங்கள், பல நேரம் முடியும். உறைந்த டப்பாவை மேசைமேல் வைத்து உருகவிடாமல், முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள்.

டப்பாவின் மேல் உள்ள அட்டையில் எல்லோரும் சர்க்கரை என்ற வரியைத் தேடுகிறார்கள். பார்க்கவேண்டியது மொத்த மாவுச்சத்து. அதற்கு மேலே வீட்டில் என்ன சேர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். டப்பா சிறியதாக இருக்கிறதென்று பக்கத்தில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் சோடாவும் வைத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். பசிக்கிறது என்றால் அதைச் சொல்லவேண்டும். உயரமானவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே அளவு டப்பா போதாது, காய்கறியும் புரதமும் கூட்டிக் கேட்கலாம். பசியோடு இருக்கச் சொல்லும் திட்டம் எதுவும் நிலைக்காது.

மீதிப் பதினொரு வேளைக்கு, இலவசமாக மளிகை கொடுக்கும் ஃபுட் பேன்ட்ரிதான் பலருக்குக் கதி. அங்கே கிடைப்பது டின்களும் பாஸ்தாவும் அரிசியும். டின்னில் வரும் பீன்ஸ் நல்ல உணவு, அந்த உப்புத் தண்ணீரை வடித்து ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் உப்பில் கணிசமான பங்கு போய்விடும். பழ டின்னில் பாகில் ஊறியதை விட்டுவிட்டு அதன் சாற்றிலேயே ஊறியதை எடுங்கள். முட்டை, உறைந்த காய்கறி, டின் மீன் கிடைத்தால் முதலில் அவற்றுக்குக் கை நீட்டுங்கள். பேன்ட்ரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை கட்டிக் கொடுப்பதைவிட, வருகிறவர்களே பார்த்து எடுத்துக்கொள்ள விடுவது சர்க்கரைக்காரருக்கு மிகப் பெரிய உதவி.

பங்கு போடுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாட்டிக்கு அனுப்பும் சாப்பாட்டைப் பேரன் சாப்பிடுகிறான். எந்தப் பாட்டி பேரன் பசித்திருக்கத் தான் சாப்பிடுவாள்? இதைத் தவறு என்று கண்டித்தால் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார்கள், நமக்கும் இன்சுலின் கணக்கு தெரியாமல் போகும். ‘டப்பா எத்தனை உங்கள் வயிற்றுக்குப் போகிறது?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். பிறகு அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கும் என்று தேடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு வாங்க அரசு உதவும் விக் திட்டம் உண்டு. மாசசூசெட்ஸில் எல்லா அரசுப் பள்ளிகளிலும் மதிய உணவு இலவசம். சில திட்டங்களில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு அனுப்ப ஏற்பாடு உண்டு, கேட்டால்தான் தெரியும்.

முன்னே சொன்ன அம்மாவுக்கு முதலில் போன பெட்டியில் பாதி அப்படியே கிடந்தது. சைவம் என்று குறித்திருந்தபடி சைவமாகத்தான் போயிருந்தது. ஆனால் வேகவைத்த பாஸ்தாவும் பூசணி வகையான ஸ்குவாஷும் எத்தனை நாள் இறங்கும்? “வாய்க்கு வெளங்கல கண்ணு, அதுக்காக உங்கள குத்தம் சொல்லல” என்றார். சமையலறையில் சொல்லி, கொண்டைக்கடலை, பயறு வகைகள் மசாலாவோடு வரும் டப்பாக்களாகப் பார்த்து மாற்றினோம். மீதி வேளைக்கு அவர் வீட்டுச் சமையலையே அளந்தோம். வெந்த சோறு மூன்றில் ஒரு பங்கு கப் என்றால் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு கப் என்றால் 45. அரைக் கப் வெந்த பருப்பில் சுமார் 20. ஒரு கப் சோற்றை மூன்றில் இரண்டு கப் ஆக்கி, பருப்பையும் காயையும் கூட்டினால் சாம்பார் சாதம் அவருக்குச் சரியான சாப்பாடு. சோற்றை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள், அளந்து சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் அந்த மாத்திரையையும் மாற்றினார். பதினொரு மணி மயக்கம் நின்றது.

பணம் யார் கொடுப்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான சாதாரண மெடிகேர் இந்தச் சாப்பாட்டுக்குப் பணம் தராது, அதையே தனியார் நிறுவனங்கள் வழி நடத்தும் சில மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் தரும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகெய்ட். மாசசூசெட்ஸில் அதை நடத்தும் மாஸ்ஹெல்த் 2020 முதல் சிலருக்குக் கொடுத்துவருகிறது, கலிஃபோர்னியாவில் 2022 முதல் அந்த மாநில மெடிகெய்டின் கால்எய்ம் திட்டம் மூலம் கிடைக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் மத்திய அரசு, மெடிகெய்ட் பணத்தை இப்படிப்பட்ட தேவைகளுக்குச் செலவிட வழிகாட்டிய தன் குறிப்புகளைத் திரும்பப் பெற்றது. வட கரோலினாவின் திட்டம் 2025 ஜூலையில் பணமில்லாமல் நின்றது. 2025 நவம்பரில் மத்திய அரசு முடங்கியபோது நாடெங்கும் ஸ்நாப் பணமே தாமதமானது. இதையெல்லாம் பார்த்துக் கோபம் வருகிறது. சர்க்கரை மருந்தை 12 வாரத்தோடு நிறுத்திவிட்டு ‘பலன் இருந்ததா?’ என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டை மட்டும் அப்படி நிறுத்துகிறார்கள்.

ஆகவே நிற்கும் நாளுக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். திட்டம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மூன்று வேலைகளைத் தொடங்கச் சொல்கிறேன். 60 வயது நிறைந்தவர்களும் உடல் ஊனமுற்றோரும் மாதம் 35 டாலருக்கு மேல் தம் கையிலிருந்து மருத்துவச் செலவு செய்தால், அதை ஸ்நாப் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், மாத உதவி கூடும். பலர் இதைக் காட்டுவதே இல்லை. மருந்து ரசீது மட்டுமல்ல, கிளினிக்குக்குப் போய்வரும் செலவும் கணக்கில் சேரும். அடுத்தது, இந்த மாநிலத்தில் ஸ்நாப் கார்டைக் காட்டிப் பண்ணைக் கடைகளில் காய், பழம் வாங்கினால் குறிப்பிட்ட வரம்பு வரை அந்தப் பணம் கார்டிலேயே திரும்ப ஏறும் எச்ஐபி திட்டத்தைப் பயன்படுத்துவது. மூன்றாவது, நீட்டிக்கச் சொல்லி மனுப் போடுவது. ‘சாப்பாடு நன்றாக இருந்தது’ என்று எழுதினால் போதாது. சாப்பாடு வருவதற்கு முன் எத்தனை முறை சர்க்கரை 70க்குக் கீழே போனது, வந்த பிறகு எத்தனை முறை, எத்தனை தடவை அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்தது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டுத் தட்டுப்பாட்டைக் குறிக்கும் இசட்59.41 என்ற குறியீட்டை நோயாளியின் பதிவில் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். 2021 அக்டோபரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அது பதிவில் இருந்தால், மருந்தை எழுதும் எந்த டாக்டரும் இந்த வீட்டில் தட்டு காலியாகும் நாட்கள் உண்டு என்று பார்க்க முடியும்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால், கடைசிப் பெட்டி வரும் தேதியையும் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். பெட்டி வந்த காலத்துக்கென்று மாற்றிய மருந்து அளவு, பெட்டி இல்லாத முதல் வறண்ட வாரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். கார்டில் பணம் ஏறும் தேதியை அவர்களிடம் கொடுத்து, அதற்கு முந்தைய வாரத்தில் நர்ஸ் ஒருவர் போன் செய்யும்படி கேட்டு வையுங்கள்.